ஏரிக்கரையும் கீழுள்ள ஊரும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். இராமாநுசர் அவதரித்த ஊர் என்று அதனை அடியார்கள் அறிவர். கார்களும் கைப்பேசிகளும் செய்யும் ஊர் என்று இன்றைய இளைஞர்கள் அறிவர். அங்கிருந்து தெற்கே சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் திரும்பினால் ஒரகடம். இவ்விரண்டு ஊர்களும் அமைந்த வட்டாரத்தின் படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொழிற்சாலைகளின் பெரிய கட்டங்களுக்கு நடுவே நீலத் திட்டுகள் பல தென்படும். அவை ஏரிகள். ஒவ்வொரு நீலத் திட்டின் ஒரு பக்கத்திலும் வில்லைப் போல வளைந்த மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதுவே கரை. மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

அணை என்றவுடன் நமக்கு மேட்டூரும் பக்ராவும் நினைவுக்கு வருகின்றன. கல்லாலும் கான்கிரீட்டாலும் வானளாவ எழுப்பியதே அணை என்று எண்ணுகிறோம். ஆனால் ஓடும் நீரைத் தடுத்துத் தேக்கும் எந்தக் கட்டுமானமும் அணைதான். அவ்வகையில் நம் ஊர் ஏரிக்கரை ஒரு மண் அணை. அதற்கும் பெரிய அணைக்கு உரிய உறுப்புகள் எல்லாம் உண்டு. வயலுக்கு நீர்விட மதகு; நிரம்பினால் மிகுநீர் வழிந்து செல்லக் கலங்கல்; வழிந்த நீரை அழைத்துச் செல்லப் போக்குக் கால்வாய்; அலையின் அடியைத் தாங்க உட்சரிவில் கற்பதிப்பு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், அதாவது 2019-இல் அது இரண்டாகப் பிரியும் முன்னர், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஊராட்சிகளின் சிற்றேரிகள் இக்கணக்கில் சேரா. ஏரி மாவட்டம் என்று அதனை அழைத்தது பொருத்தமே.

இந்தக் கரைகள் உடையக்கூடும் என்பதை நம் முன்னோர் ஒருபோதும் மறந்ததில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் கூறுகின்றன. ஏரியைக் காப்பது ஊராட்சியின் தனிக் கடமையாக இருந்தது என்பது இதனால் விளங்கும். மதுராந்தகத்தில் இராமபிரானுக்கு ஏரி காத்த இராமர் என்று பெயர். கடும் மழை இரவில் உடையவிருந்த கரையை இராமலக்குவர் வில்லேந்தி நின்று காத்தனர் என்றும், அக்காட்சியைக் கண்டவர் அந்நாளைய ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸ் என்றும் ஊரார் கூறுவர். அக்கதையை எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு. மழையிரவில் ஏரிக்கரையை நினைத்து ஊர் முழுவதும் உறக்கமின்றி இருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டமும், கரைக்கு ஆபத்து நேர்ந்தால் ஊராரை உடனே வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை அலுவலர்க்குக் கொடுத்தது.

இனி இப்பொருளின் நடுநாடியான கேள்விக்கு வருவோம். எந்த ஏரிக்கரை ஆபத்தானது?

பழுதடைந்த கரையே ஆபத்தானது என்று நீங்கள் விடை சொல்லலாம். அது பாதி விடை. இரண்டு ஏரிகளைக் கற்பனை செய்து பாருங்கள். ஒன்றின் கரை மெலிந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் கீழே இருப்பது தரிசு நிலம். மற்றொன்றின் கரை உறுதியாக இருக்கிறது. அதன் கீழே முந்நூறு வீடுகளும் ஒரு பள்ளியும் இருக்கின்றன. முதற்கரை உடைந்தால் நீர் வீணாகும், மண் அரிக்கும். இரண்டாவது உடைந்தால் உயிர்கள் போகும். பொறியாளர் இவ்விரண்டையும் வெவ்வேறு கணக்குகளாக வைத்துக்கொள்கின்றனர். கரை எவ்வளவு நலமாக இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அது உடைந்தால் கீழே என்ன நேரும் என்பது மற்றொரு கணக்கு. இரண்டாவது கணக்கினைக் கொண்டு அணைகளை வரிசைப்படுத்துவதே அபாய வகுப்பு எனப்படுவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது மூன்று வகுப்பாக அமைந்திருக்கிறது. உடைந்தால் உயிரிழப்பு நேராது, பொருளிழப்பும் சிறிது என்றால் தாழ்ந்த வகுப்பு. உயிரிழப்பு இராது, ஆனால் சாலை, தொழில் முதலியவற்றுக்குப் பெருஞ்சேதம் நேரும் என்றால் இடை வகுப்பு. ஓர் உயிரேனும் போகக்கூடும் என்றால் உயர்ந்த வகுப்பு. அணை சிறிதா, பெரிதா என்ற கேள்வியே இதில் முதலில் எழுவதில்லை.

இந்தக் கருத்து எத்தகைய விலை கொடுத்துக் கற்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு சொல்லுகிறேன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் ஊருக்கு அருகே கெல்லி பார்ன்ஸ் அணை என்று ஒரு சிறிய மண் அணை இருந்தது. உயரம் ஏறக்குறைய 40 அடி. முதலில் அது மின்சாரம் எடுக்கப் பயன்பட்டது. 1957-இல் அந்தப் பயன் நின்றுபோயிற்று. அதன்பின் அந்த நீர்நிலை பொழுதுபோக்குக்கு உரிய அழகிய ஏரியாக மட்டுமே இருந்தது. கரையில் மரங்கள் வளர்ந்தன. அணையின் கீழே, பள்ளத்தாக்கில், ஒரு கல்லூரி இருந்தது. 1977 நவம்பர் 6-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், மழைக்குப் பின் அந்தக் கரை உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த கல்லூரி வளாகத்தின்மேல் வெள்ளம் பாய்ந்தது. 39 பேர் மாண்டனர். உடைந்ததற்கு ஒரே காரணத்தைத் தனியே சுட்டிக்காட்ட ஆய்வுக்குழுவால் இயலவில்லை. கரையின் வெளிச்சரிவு மிகச் செங்குத்தாக இருந்ததும், உள்ளே கசிவு இருந்திருக்கக்கூடும் என்பதும் பேசப்பட்டன. ஜார்ஜியாவைச் சேர்ந்தவரான குடியரசுத் தலைவர் கார்ட்டர், தாழ்வில் மக்கள் வாழும் அணைகளை நாடெங்கும் ஆய்ந்து அறியுமாறு ஆணையிட்டார்.

அந்த அணையால் அப்போது வருவாய் ஏதுமில்லை. அதனால் அதைக் கவனிப்பாரும் குறைந்தனர். ஆனால் அதன் பின்னால் நின்ற நீரின் எடை குறையவில்லை. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

மண்கரை எவ்வாறு உடைகிறது? முக்கியமான வழிகள் இரண்டு. முதலாவது, நீர் கரையின் தலையைக் கடந்து வழிதல். கல்லணையின்மேல் நீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கும். மண்கரை தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து, ஒரு சிறு வாய்க்காலை அறுத்து, சில நாழிகைக்குள் அதனைப் பெரும் வாயாக்கிவிடும். இதைத் தடுக்கவே கலங்கல் வைத்தனர். அகலமான கலங்கல், கரையின் தலையைவிட நன்கு தாழ்ந்த கலங்கல், அடைபடாத கலங்கல்: மண்கரையின் உயிர் இதில் இருக்கிறது. இன்னும் சிறிது நீர் நிற்கட்டும் என்று கலங்கலின்மேல் மணல் மூட்டைகளை அடுக்குவது, மீன் தப்பாதிருக்க வலைகட்டி அடைப்பது, கலங்கலுக்கு எதிரே மண் கொட்டி மனையாக்குவது ஆகிய ஒவ்வொன்றும் கரையின் கழுத்தை நெரிப்பதாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செல்வர்கள் கூடி மீன்பிடித்துக் களிப்பதற்கு வைத்திருந்த சவுத் போர்க் மண் அணையில் மிகுநீர் வழியில் மீன் தடுக்கும் கம்பி வலைகளைப் பொருத்தியிருந்தனர். கரையின் தலையையும் தாழ்த்தியிருந்தனர். 1889 மே 31-ஆம் நாள் அது உடைந்து, கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டாவது வழி உட்கசிவு. நீர் கரையின் உள்ளே நண்டுவளை, எலிவளை, பட்டுப்போன வேர் விட்ட துளை, மதகின் பக்கத்துச் சந்து இவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாகப் புகுந்து வெளிப்பக்கத்தில் ஊற்றாகக் கிளம்பும். எல்லாக் கசிவும் ஆபத்தன்று. தெளிந்த நீர் சிறிது கசிவது மண்கரைக்கு இயல்பு. ஆனால் கசியும் நீர் கலங்கலாக வந்தால், அது கரையின் மண்ணைச் சுமந்து வருகிறது என்று பொருள். உள்ளே குழாய் பெரிதாகிக்கொண்டே இருக்கிறது. அவ்வேளையில் வெளிப்பக்கத்துத் துளையில் களிமண்ணை அடைத்து மூடுவது தவறான முறை. நீர் வேறிடத்தில் பீறிடும். துளையைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே முதலில் மணலும் அதன்மேல் சரளையும் கொட்டினால், நீர் வெளியேறும், மண் வெளியேறாது. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் மிகப் பழைமையானது. அதன் கரை 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் விடியுமுன் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நூற்றாண்டுகள் பல நின்றது என்பது இனியும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வருவோம். அங்குள்ள ஏரிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேலேரி நிரம்பி வழிந்தால் அந்நீர் கீழேரிக்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. ஒரகடத்துக்குக் கிழக்கே ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீர் அடையாற்றைச் சேர்கிறது. ஆகவே மேலே ஒரு சிற்றேரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழேரியின்மேல் வந்து விழும். கீழேரியின் கலங்கல் அத்தகைய வரத்துக்கு அமைந்ததன்று. சிற்றேரியின் அபாயத்தைக் கணக்கிடுவோர் அதற்கு அடுத்த ஏரியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முன்னர் இந்த ஏரிகளின் கீழே இருந்தது ஆயக்கட்டு, அதாவது நெல்வயல். கரை உடைந்தால் பயிர் அழியும். ஊர் மேட்டில் இருந்ததால் மக்கள் பெரும்பாலும் பிழைப்பர். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைத் தொடர்ந்து தொழிற்சாலைகளும், கிடங்குகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் வந்தன. 2024 ஆகஸ்டு மாதம் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அவ்விடுதி ஏதோ ஓர் ஏரியால் ஆபத்தில் இருக்கிறது என்று நான் கூறவில்லை. வயலாக இருந்த வட்டாரத்தில் இரவில் உறங்குவோர் தொகை எவ்வளவு பெருகிவிட்டது என்பதைக் காட்டவே அதனைச் சொன்னேன்.

இங்கேதான் அபாய வகுப்பின் விந்தை விளங்குகிறது. கரையில் ஒரு கூடை மண்ணும் கூடவில்லை, குறையவுமில்லை. ஏரியின் ஆழம் மாறவில்லை. ஆயினும் கீழே வயல் போய் வீடு வந்த நாளில், தாழ்ந்த வகுப்பில் இருந்த அந்தக் கரை உயர்ந்த வகுப்புக்கு ஏறிவிட்டது. கரையின்மேல் நின்று பார்ப்பவருக்கு இந்த ஏற்றம் தெரியாது. கரைக்கு முதுகைத் திருப்பிக் கீழ்ப்பக்கம் பார்ப்பவருக்கே தெரியும். நான் அப்பகுதியின் சில ஏரிகளில் கலங்கலைத் தேடி, அதிலிருந்து போக்குக் கால்வாய் வழியே நடந்து பார்த்திருக்கிறேன். கால்வாய் சிறிது தூரம் தெளிவாக இருக்கும். பிறகு ஒரு மதிற்சுவரின் அடியில் குழாயாகச் சுருங்கும். அதற்கப்பால் மனைகள் இருக்கும். அம்மனைகளில் குடியிருப்போரைக் கேட்டால், பக்கத்து ஏரியின் பெயரையே பலர் அறியார். அவர்கள் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள்மேல் குறையில்லை, சொல்லுவார் இருந்தால்தானே அறிவர்?

2015-ஆம் ஆண்டு இதற்கு ஒரு பாடம் தந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த மழையில், மறுநாள் காலை அளந்தபோது, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்தத் திறப்பைப் பற்றிப் பின்னர் வாதங்கள் பல நடந்தன. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியது செம்பரம்பாக்கத்து நீரால் அன்று. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே இருப்பவை அவை. மேலேயுள்ள ஏரிகளின் மிகுநீரும், பெய்த மழையுமே அவற்றை மூழ்கடித்தன. செம்பரம்பாக்கத்தைப் பற்றி நாடே பேசிற்று. மேலேயுள்ள சிற்றேரிகளின் பெயர்களைக் கேட்டவர் சிலரே.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? அணைகளின் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2021-இல் இயற்றியது. அணைகளை அபாயத்துக்கு ஏற்ப வகுக்க வேண்டும், நெருக்கடிக்காலச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று அது பணிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 மீட்டர் முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே குறிக்கிறது. நம் ஏரிக்கரைகளில் மிகப் பல 10 மீட்டரைத் தொடுவதே இல்லை. சிறியவை என்பதால் அவை சட்டத்தின் வலைக் கண்ணில் நழுவிவிடுகின்றன. மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி மாவட்டத்துத் திவரே மண் அணையும் சிறு பாசன அணையே. 2019 ஜூலை 2-ஆம் நாள் இரவு அது உடைந்து, கீழேயிருந்த குடியிருப்பில் ஏறக்குறைய இருபது பேர் உயிரிழந்தனர்.

பொறியியல் வரையறை இவ்வகையில் சட்டத்தைவிடச் சற்று விரிந்த பார்வை உடையது. மிகுநீர் வழியின் அளவைப் பற்றி 1985-இல் வெளியான இந்தியத் தர வரையறை, சிறிய அணைக்கு நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கும் வழி போதும் என்கிறது. ஆனால் உடைந்தால் விளையும் கேடு மிகப் பெரிதாக இருக்குமாயின் அதனினும் பெரிய வெள்ளத்துக்கு அமைக்கலாம் என்றும் அதுவே கூறுகிறது. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒரு முறை தவறாமல் வரும் வெள்ளம் அன்று. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். ஒருவர் ஒரு வீட்டில் 30 ஆண்டு வாழ்ந்தால், அவர் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகிறது. அதாவது நால்வரில் ஒருவர். கணக்கு வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். வயலுக்கு ஏற்கத்தக்கதாக இருந்த இந்த வாய்ப்பு, குழந்தைகள் உறங்கும் வீட்டுக்கு ஏற்கத்தக்கதா?

மற்றொரு மாறுதலையும் சொல்ல வேண்டும். ஆயக்கட்டு இருந்தவரை ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகைத் திறப்பதும், கரையை நாள்தோறும் சுற்றிவருவதும், ஊற்றுக் கண்டால் ஊரைக் கூட்டுவதும் அவர் தொழில். அவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. வயல் போனபின் பங்கு எங்கிருந்து வரும்? நீர்க்கட்டியும் போனார். இன்று ஏரிகள் பலவற்றில் நடைபாதை அமைக்கிறார்கள், பூங்கா வைக்கிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள். இவற்றை நான் வரவேற்கிறேன். மக்கள் நடக்கும் கரையில் கழிவு கொட்டுவது குறையும். ஆனால் நடைபாதைக்குச் செலவிடும்போதே கலங்கலுக்கும் மதகுக்கும் செலவிட வேண்டும். நாள்தோறும் கரையைப் பார்ப்பதற்கென்று ஊதியம் பெறும் ஓர் ஆளையும் வைக்க வேண்டும். டொக்கோவாவின் ஏரியும் அழகான ஏரியாகத்தான் இருந்தது.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆசிரியர் துணையோடு உங்கள் ஊர் ஏரிக்குச் சென்று நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வாருங்கள். கலங்கல் எங்கே இருக்கிறது, அது திறந்திருக்கிறதா? அங்கிருந்து புறப்படும் நீர் எவ்வழியே சென்று எந்த ஏரியை அல்லது ஆற்றை அடைகிறது? அவ்வழியிலும் கரையின் கீழும் இரவில் உறங்குவோர் யாவர், ஏறக்குறைய எத்தனை பேர்? கரைக்கு ஆபத்து என்றால் அவர்களை எழுப்பப்போவது யார், எந்த ஒலியால், எந்த மேட்டுக்கு? நீர் நிரம்பியிருக்கும் காலத்தில் கலங்கலில் இறங்காதீர்கள். முழங்காலளவு ஓடும் நீரும் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும்.

இந்த நான்கு விடைகளையும் ஒரு தாளில் படத்துடன் எழுதினால் அதுவே அந்த ஏரியின் அபாய வகுப்புக்கு முதற் குறிப்பு. அதன் ஒரு படியை ஊராட்சிக்கும், மற்றொரு படியை நீர்வளத் துறையின் அலுவலகத்துக்கும் கொடுங்கள். மூன்றாவது படியைக் கரையின் கீழே புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு வீட்டாரிடம் கொடுத்து, அந்த ஏரியின் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.